தொட்டிலுக்கு மேலே எதைத் தொங்கவிடலாம்? கைப்பழக்கம் இல்லாத ஓர் அப்பாவின் கேள்வி

பேட்டைக்காரன் | ஏப்ரல் 20, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். என் மனைவிக்கு ஜூலை முதல் வாரம் நாள் சொல்லியிருக்கிறார்கள். வளைகாப்பு முடிந்து அம்பாசமுத்திரத்தில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் இங்கே திருநெல்வேலிப் பேட்டையில் தனியாக இருக்கிறேன். அலுவலகம் விட்டு வந்தால் பொழுது நகரவில்லை.

போன வாரம் ஒரு கடையில் குழந்தைச் சாமான்கள் பார்த்தேன். தொட்டிலுக்கு மேலே சுற்றிக்கொண்டே பாடுகிற பொம்மைக் கொத்து ஒன்றுக்கு ஆயிரத்து அறுநூறு ரூபாய் என்றார்கள். விலையைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதில் தொங்கியவை பென்குயினும் டைனோசரும். என் பிள்ளை கண் திறந்து முதலில் பார்க்கப்போவது பிளாஸ்டிக் பென்குயினையா என்று எனக்குள் ஏதோ ஒன்று முறுக்கிக்கொண்டது. வெறுங்கையோடு திரும்பிவிட்டேன்.

நானே ஏதாவது செய்யலாமா என்று பார்க்கிறேன். என் தகுதி இதுதான்: சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியும், அதுவும் இரண்டு மாதத்தில் விழுந்துவிடும். கத்தரிக்கோல் சிறு வயதிலிருந்தே எனக்கு எதிரி. ஆனால் நேரம் இருக்கிறது. ஞாயிறுதோறும் செங்கோட்டைப் பாசஞ்சரில் போய் வருகிறேன், அந்த நேரத்திலும் கையில் வேலை இருந்தால் நல்லது. பச்சைக் குழந்தைக்கு ஆபத்தில்லாமல், கடைக்கு ஓடாமல், வீட்டில் கிடைப்பதைக் கொண்டு என்ன செய்யலாம்?


ஆழ்வை ஆச்சி | ஏப்ரல் 21, காலை 6.05

தம்பி, முதலில் உங்கள் அப்பாவின் பழைய வேட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பத்து வருடம் துவைத்துத் துவைத்து நூல் நூலாகத் தெரிகிற வேட்டிதான் வேண்டும். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், பிள்ளையின் தோலை அரிக்கும். எங்கள் வீட்டில் முதல் மாதம் பிள்ளைக்குப் புதுத் துணி போடுவதே கிடையாது. வேட்டியை இரண்டாகக் கிழித்தால் போர்த்தத் துணி, நான்காகக் கிழித்தால் இடுப்புத் துணி, மிஞ்சிய கரையைச் சுருட்டினால் பொம்மை. கத்தரிக்கோலே வேண்டாம், பல்லால் கடித்து ஒரு இழுப்பு இழுத்தால் நேராகக் கிழியும்.

எங்கள் ஆச்சி செய்தவற்றில் மூன்று எனக்கு மறக்கவில்லை. ஓலைக் கிலுகிலுப்பை, உள்ளே ஒரு கைப்பிடி குன்றிமணி போட்டது. ஆட்டினால் மழை பெய்வது போல் இருக்கும், கல் போட்டால் அந்த ஒலி வராது. அடுத்தது கடுகுத் தலையணை, தலை உருண்டையாக வர. மூன்றாவது வசம்பைத் துண்டு போட்டுக் கறுப்பு நூலில் கோத்த வளையல். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் இருக்கிறது, சும்மா வைக்கவில்லை. மூன்றும் எளிது, ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம்.


குழந்தை வார்டு | ஏப்ரல் 21, இரவு 10.20

ஆச்சி, வேட்டி விஷயத்தில் உங்கள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட்ட பழைய பருத்தித் துணியைப் போல் வராது. ஆனால் அந்த மூன்று பொருளையும் நான் தடுத்தே ஆக வேண்டும். இருபது வருடமாகக் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

குன்றிமணி வேண்டவே வேண்டாம். அதற்குள் இருப்பது அப்ரின் என்ற கொடிய நஞ்சு. தோல் உடையாமல் விழுங்கினால் பல நேரம் அப்படியே வெளியேறிவிடும் என்பது உண்மைதான். ஆனால் கடிபட்டாலோ, கோப்பதற்காகத் துளை போட்டிருந்தாலோ நஞ்சு உள்ளே இறங்கும். ஓலை எப்போது பிரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது, அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். கையில் கட்டியது நேரே வாய்க்குத்தான் போகும். தவிர, நூல் அறுந்தால் ஒவ்வொரு துண்டும் தொண்டையில் அடைக்கிற அளவு.

பேட்டைக்காரன், நீங்கள் எதைச் செய்தாலும் இதை மனதில் வையுங்கள். 3.17 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குழாய்க்குள் முழுதாக நுழையும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குக் கீழே ஆகாது. பத்து ரூபாய் நாணயம் 2.7 சென்டிமீட்டர், அதைவிடக் கொஞ்சம் பெரியது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பொத்தான், பாசிமணி, புளியங்கொட்டை எல்லாம் இதில் அடிபட்டுவிடும். தொங்கும் கயிறு எதுவும் ஒரு சாணுக்கு மேல் நீளம் வேண்டாம், கழுத்தில் சுற்றும். பொம்மைக்குக் கண் வைக்க வேண்டுமானால் நூலால் தையுங்கள். வீட்டில் செய்தது என்பதற்காக எதுவும் பத்திரமானது ஆகிவிடாது.


ஆழ்வை ஆச்சி | ஏப்ரல் 22, காலை 5.50

என் ஐந்து பிள்ளைகளும் அந்தக் கிலுகிலுப்பையை ஆட்டி வளர்ந்தவர்கள்தான். ஒருவன் இன்று கப்பலில் இன்ஜினீயர். இருந்தாலும் நஞ்சு என்று சொல்லிவிட்டீர்கள், எனக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை. எத்தனை பேருக்கு நானே செய்து கொடுத்திருக்கிறேன்! குன்றிமணியையும் வசம்பையும் விட்டுவிடுகிறேன். கடுகுத் தலையணையை மட்டும் விட்டுத்தர மாட்டேன். பின்மண்டை தட்டையாகிவிட்டால் ஜடை எப்படிப் பின்னுவது?


குழந்தை வார்டு | ஏப்ரல் 22, பிற்பகல் 2.15

ஆச்சி, ஒரு வயது வரை தூங்குகிற இடத்தில் தலையணை, பொம்மை, மெத்தென்ற துணிச்சுருள் எதுவுமே இருக்கக் கூடாது. மூக்கு புதைந்தால் அதற்குத் தலையைத் திருப்பத் தெரியாது. மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு நாள் வலப்பக்கம், ஒரு நாள் இடப்பக்கம் என்று தலையை மாற்றிவிடுங்கள். விழித்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள். மண்டை தானாக உருண்டுவிடும்.


கணக்குப்பிள்ளை | ஏப்ரல் 22, இரவு 8.00

நான் தூத்துக்குடி. நேராகவே கேட்கிறேன். 2021 ஜனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சாயம், கூர்முனை, சின்னத் துண்டு எல்லாவற்றையும் சோதித்துத்தான் வருகிறது. நீங்கள் நேற்றுப் பிடித்த ஊசியோடு எதைச் சோதிக்கப் போகிறீர்கள்? மூன்று மாத மாலை நேரத்துக்குக் கூலி போட்டுப் பாருங்கள், ஆயிரத்து அறுநூறு மலிவு. பிள்ளைக்கு என்ன, பென்குயினும் தெரியாது பனையோலைக் கிளியும் தெரியாது. ஆசை உங்களுக்கு. அதைப் பிள்ளை பேரில் எழுதாதீர்கள், அவ்வளவுதான்.


பேட்டைக்காரன் | ஏப்ரல் 22, இரவு 8.30

ஆசை எனக்குத்தான் அண்ணாச்சி. ஒப்புக்கொள்கிறேன்.


இரண்டு பையன்கள் | ஏப்ரல் 23, காலை 11.10

தென்காசியிலிருந்து எழுதுகிறேன். மூத்தவனுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு ஐந்து மாதம்.

தலைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது அண்ணா. உங்கள் மாமியார் வீட்டில் எந்தத் தொட்டில்? கம்பி வைத்த மரத்தொட்டில் என்றால் சரி. விட்டத்தில் சேலை கட்டுகிற தொட்டில் என்றால், மேலே எதைத் தொங்கவிட்டாலும் உள்ளே இருக்கிற குழந்தைக்குத் தெரியாது. சேலை இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும். நான் ஒரு நாள் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன், ஓட்டின் ஒரு கீற்றும் சேலையில் போட்ட மாங்காயும்தான் தெரிந்தன. அது தூங்குகிற இடம், அப்படியே இருக்கட்டும். குழந்தை விழித்துப் பாயில் கிடக்கும் நேரத்துக்குத் தொங்கவிடுங்கள். அதுவும் முகத்துக்கு நேர் மேலே வேண்டாம். நெஞ்சுக்கு மேலே, கொஞ்சம் தள்ளி. அறுந்தாலும் மூஞ்சியில் விழாது.

முதல் இரண்டு மாதத்துக்குத் தொங்குவதே வேண்டாம் என்பேன். பிறந்த குழந்தைக்கு இருபது முப்பது சென்டிமீட்டர் தூரம்தான் தெளிவு, அதாவது பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம். நிறம் பெரிதாகத் தெரியாது, கறுப்பு வெள்ளை எல்லைக்கோடு தெரியும். இதற்கென்று அட்டைகள் விற்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்ததும் வாசல்தான் ஞாபகம் வந்தது. கறுப்புச் சார்ட் அட்டையைப் புத்தக அளவுக்கு வெட்டி, வெள்ளை போஸ்டர் கலரில் கோலம் போட்டேன். முதலில் சிக்குக் கோலம் போட்டுவிட்டேன், அவன் கண்டுகொள்ளவே இல்லை. கோடு மெல்லியது, அவனுக்கு வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்திருக்கும். பிறகு பெருவிரல் அகலத்துக்கு ஒரு வட்டம், அதற்குள் ஒரு வட்டம், இன்னோர் அட்டையில் ஒரே ஒரு நட்சத்திரம். மூன்றாவது வாரத்தில் அந்த நட்சத்திரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சிக்குக் கோலம் மூன்று மாதத்துக்கு மேல் எடுபட்டது.

இதில் பெரிய லாபம் மூத்தவனுக்குத்தான். தம்பி வந்ததும் தினம் ஓர் அழுகை, தினம் ஒரு பாத்திரம் உடைப்பு. வட்டம் போடுகிற வேலையை அவனிடம் கொடுத்தேன். "நான் போட்டதைத்தான் அவன் பார்க்கிறான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். பாத்திரம் இப்போதும் உடைகிறது, ஆனால் வாரத்துக்கு ஒன்று.


ஓலைக்காரி | ஏப்ரல் 24, இரவு 9.15

திசையன்விளைப் பக்கம் என் ஊர். அம்மா பெட்டி முடைவார், நானும் பத்து வயதிலிருந்து முடைகிறேன். ஓலை வேலை கேட்டு யாரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆச்சி சொன்ன கிலுகிலுப்பையை முதல் வேலையாக எடுக்காதீர்கள். எட்டு மூலையும் சேர வேண்டும், பழகாத கைக்குப் பத்து நாள் ஆகும். இன்னொன்று, ஓலை விளிம்பு கீறும். காய்ந்த ஓலை இன்னும் மோசம். அதனால் ஓலைச் சாமான் எதையும் பச்சைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள், பார்க்க மட்டும். நீங்கள் கேட்ட தொங்கலுக்கு ஓலை மீன் போதும்.

குருத்தோலை வாங்குங்கள். விரியாத ஓலைதான் வெளுப்பாக, வளையும் பதத்தில் இருக்கும். இது நுங்குக் காலம், பனையேறுகிறவர்கள் மரத்தில்தான் இருப்பார்கள், ஒரு குருத்து கேட்டால் தருவார்கள். ஒரே மரத்தில் இரண்டாவது குருத்துக் கேட்காதீர்கள், மரம் தளர்ந்துவிடும். மட்டையைத் தொடும்போது கவனம். இரண்டு பக்கமும் கருக்கு, ரம்பம் மாதிரி அறுக்கும். ஓலையை நிழலில் நான்கு நாள் காயவிட்டு, நடுவில் ஓடும் ஈர்க்கை உரித்து எடுத்துவிடுங்கள். முடைவதற்கு முன்னால் அரை மணி நேரம் தண்ணீரில் போட்டால் துணி மாதிரி மடியும். சாயம் வேண்டாம். காய்ந்தால் தந்தம் போல் ஒரு நிறம் வரும், அதுவே அழகு.

ஒரு மீனுக்கு இரண்டு ஓலை. விரல் அகலம், ஒரு முழ நீளம். முதல் ஓலையை இடது கையின் இரண்டு விரல்மேல் வைத்து, வலப்பக்கமாக இரண்டு சுற்று சுற்றுங்கள். இறுக்கம் வேண்டாம், உள்ளே இன்னோர் ஓலை நுழைய வேண்டும். இரண்டாவது ஓலையைக் குறுக்கே விடுங்கள், முதல் சுற்றுக்கு மேலே, அடுத்த சுற்றுக்குக் கீழே. பின்பக்கம் வளைத்துக் கொண்டுவந்து, இப்போது மாற்றி, கீழே, மேலே. விரலை உருவிவிட்டு நான்கு முனையையும் ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரே முனையைச் சுண்டி இழுத்தால் கோணிக்கொள்ளும். சதுரமாக இறுகி உடல் வந்துவிடும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளைச் சாய்வாக வெட்டினால் வால், மேலே ஒன்றை விட்டுவைத்தால் முதுகுத் துடுப்பு.

முதல் மீன் மீன் மாதிரி இருக்காது. என் முதல் மீனைப் பார்த்து அம்மா, "இது எந்தக் குளத்து அப்பளம்?" என்று கேட்டார். ஆறாவது மீனில் கை பழகிவிடும்.

ஐந்து மீன் போதும். உரித்த ஈர்க்குகளைச் சேர்த்து வளையமாக வளைத்துத் துணி சுற்றுங்கள், முனை வெளியே தெரியக் கூடாது. பருத்தி நூலில் ஒவ்வொன்றும் வெவ்வேறு உயரத்தில் தொங்கட்டும். மின்விசிறி வேண்டாம். சன்னல் காற்றுக்கே சுற்றும், அதுதான் ஓலையின் குணம்.


கடைசல் | ஏப்ரல் 25, மாலை 6.45

அம்பாசமுத்திரம் என்று படித்ததும் உள்ளே வந்துவிட்டேன். உங்கள் மாமியார் ஊரில் நான் சொப்புச் சாமான் கடையும் குடும்பம். எங்கள் தாத்தா காலத்தில் மஞ்சள் கடம்பு மரத்தில் கடைந்தார்கள். இப்போது யூகலிப்டஸ், ரப்பர் மரம் என்று கிடைப்பதில் ஓடுகிறது. மரம் சுழலும்போதே அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவோம். உராய்கிற சூட்டில் அரக்கு உருகி மரத்தைப் பிடித்துக்கொள்ளும், தூரிகை கிடையாது.

எங்கள் சரக்கை நானே குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். உரல், அம்மி, திருகை, குடம் என்று முழுச் செட்டை வாங்கிப் பிறந்த குழந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். நர்ஸ் அக்கா சொன்ன அளவில் பார்த்தால் பாதிச் சாமான் அந்தக் குழாய்க்குள் போய்விடும். உலக்கை நேரே தொண்டைக்குத்தான். மூன்று வயது ஆகட்டும், அதுவரை அலமாரியில் இருக்கட்டும்.

கைக்குழந்தைக்கு வேண்டுமென்றால் பட்டறையில் ஒரே துண்டு மரத்தில் கடைந்த வளையம் கேளுங்கள். உள்ளங்கை அகலம், நிறம் ஏற்றாதது. ஒட்டு, ஆணி எதுவும் இருக்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய் உப்புத்தாளால் நீங்களே தேயுங்கள். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு மெல்லியது, கடைசியில் பழைய துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், நெருடினால் இன்னும் தேய்க்க வேண்டும். ஆறு மாதத்தில் பல் முளைக்கும்போது அதைத்தான் கடிக்கும். இதை நீங்கள் செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம், பாதி வேலை தேய்ப்புதான்.

நடைவண்டி பிறகு வரும். மூன்று சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு நடக்கிற நம் ஊர் நடைவண்டியைச் சொல்கிறேன், உட்காரவைத்து உருட்டிவிடுவதை அல்ல.


குழந்தை வார்டு | ஏப்ரல் 25, இரவு 11.00

கடைசி வரியை நூறு முறை சொல்லுங்கள். உட்காரவைக்கிற வாக்கரோடு வாசல்படியில் உருண்ட பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

மீன் தொங்கலுக்கு ஒரு நாள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை கையூன்றி நெஞ்சைத் தூக்கத் தொடங்கியதும், சுமார் ஐந்து மாதத்தில், கழற்றிவிட வேண்டும். எட்டிப் பிடித்து இழுக்கும்.


ஆழ்வை ஆச்சி | ஏப்ரல் 27, காலை 6.00

எல்லாம் பார்ப்பதற்கும் கடிப்பதற்கும் ஆயிற்று, பிடிப்பதற்கு ஒன்றும் சொல்லவில்லையே. ரயிலில் செய்கிற வேலை என்று கேட்டிருந்தீர்கள் தம்பி, முடிச்சுப் பொம்மை செய்யுங்கள்.

ஒரு முழச் சதுரத்துக்கு வேட்டித் துணி. அதன் நடுவில் சாத்துக்குடி அளவுக்குப் பழந்துணி உருண்டை. இலவம்பஞ்சு வேண்டாம். தையல் விட்டால் பறந்து மூக்கில் ஏறும், துவைக்கவும் முடியாது. உருண்டையை மூடித் துணியைக் குவித்து, கழுத்தில் நூலைப் பத்துச் சுற்று சுற்றி, அந்த நூலை ஊசியில் கோத்துக் கழுத்துக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகத் தைத்துவிடுங்கள், உருவ வராமல். எதிரெதிர் மூலை இரண்டைப் பெரிய முடிச்சாகப் போட்டால் கை. மற்றது பாவாடை. கண்ணும் வாயும் கறுப்பு நூலில். மூக்கு வேண்டாம், மூக்கு வைத்தால் யாராவது ஒரு அத்தை ஜாடை என்று சண்டை வரும்.

ஜரிகைத் துணி எதுவும் சேர்க்காதீர்கள். கல்யாணப் பட்டைக் கிழித்துப் பிள்ளைக்குச் சட்டை தைத்த ஒருத்தியை எனக்குத் தெரியும், கழுத்தெல்லாம் கீறல்.


பேட்டைக்காரன் | ஜூன் 9, இரவு 10.05

நிலவர அறிக்கை.

ஓலை மீன்: மொத்தம் பதினான்கு செய்தேன். ஒன்பது அப்பளம். ஐந்து மீன்.

கோல அட்டை: மூன்று. என் மனைவி பார்த்துவிட்டு, வட்டம் முட்டையாக இருக்கிறது என்றாள். அவளே இரண்டு போட்டாள், அவை முட்டையாக இல்லை.

மர வளையம்: பட்டறையில் கடைந்து வாங்கிவந்தேன். கடைசல் அண்ணன் சொன்னபடி கன்னத்தில் வைத்துப் பார்த்து, மூன்று இரவு தேய்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கரையான் சத்தம் என்று நினைத்துக் கதவைத் தட்டினார்.

முடிச்சுப் பொம்மையைத்தான் சொல்ல வேண்டும். சேரன்மகாதேவி தாண்டியதும் எடுத்தேன். எதிர் இருக்கையில் ஓர் அம்மா வீரவநல்லூருக்குப் போய்க்கொண்டிருந்தார். தறிக் குடும்பமாம், செடிபுட்டா நெய்கிறவர்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை அது. என் தையலைக் காருகுறிச்சி வரை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். அதற்கு மேல் முடியவில்லை. வாங்கி, பல்லால் நூலைக் கடித்து, நான் போட்டது முழுவதையும் பிரித்துவிட்டார். "இப்படிப் போட்டால் பிள்ளை ஒரு இழுப்பில் தலையை எடுத்துவிடும்" என்று சொல்லி, கழுத்துத் தையலை நூல் வெளியே தெரியாமல் போடக் காட்டிக் கொடுத்தார். ஊசியை நான் பிடிப்பதைப் பார்த்து மட்டும் சிரித்தார், எதற்கென்று சொல்லவில்லை. வீரவநல்லூரில் இறங்கும்போது பொம்மைக்கு ஒரு கண் பாக்கி. கல்லிடைக்குறிச்சிக்குள் அதை நானே போட்டேன். இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இல்லை.


கணக்குப்பிள்ளை | ஜூன் 9, இரவு 10.30

இதுவரை ஆன செலவு எவ்வளவு?


பேட்டைக்காரன் | ஜூன் 9, இரவு 10.40

வளையத்துக்கு நூற்றைம்பது, கலர், சார்ட் அட்டைக்கு எழுபது, நூலுக்கு இருபது. குருத்துக்குக் காசு வாங்கவில்லை, ஆனால் நான்கு நுங்கு வாங்க வேண்டியிருந்தது.


பேட்டைக்காரன் | ஜூலை 3, அதிகாலை 4.20

பெண் குழந்தை. இருவரும் நலம். நெல்லையப்பர் ஆனித் தேர் பார்க்க ஒரு வருடமும் தவறியதில்லை, இந்த வருடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கழிந்தது.


ஆழ்வை ஆச்சி | ஜூலை 3, காலை 5.45

மகராசியாக இருக்கட்டும். அந்தக் கடுகைத் தலையணையிலிருந்து பிரித்துத் தாளிக்க எடுத்துவிட்டேன். நர்ஸ் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.


இரண்டு பையன்கள் | ஆகஸ்ட் 30, மாலை 4.00

வாழ்த்துகள் அண்ணா. பாதம் பதித்தீர்களா? கிருஷ்ண ஜயந்திக்குக் கோலமாவில் கை மடக்கிப் போடுகிறோமே, அதற்குப் பதில் நிஜப் பாதத்தையே துணியில் எடுத்து வைக்கலாம்.


பேட்டைக்காரன் | செப்டம்பர் 21, இரவு 9.50

எடுத்தேன். மஞ்சளைக் குழைத்துப் பாதத்தில் தடவி வேட்டித் துண்டில் ஒற்றினேன். விரல் ஐந்தும் பயறு மாதிரி விழுந்தன. மாமியார் வீட்டு முற்றத்துச் சன்னலில் மாட்டி வைத்தோம். மூன்றாவது ஞாயிறு போனபோது வெறும் வேட்டித் துண்டு தொங்கியது. மஞ்சளை வெயில் குடித்துவிடும் என்று எனக்குத் தெரியாது, அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியுமாம். யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது போஸ்டர் கலரில் தாளில் எடுத்து, உடனே காலைக் கழுவி, பீரோவுக்குள் வைத்திருக்கிறேன். பாதம் அதற்குள் அரை விரல் வளர்ந்துவிட்டது.


பேட்டைக்காரன் | நவம்பர் 28, இரவு 10.10

ஐந்து மாதம் நெருங்குகிறது. நேற்றுக் குப்புற விழுந்து, கையூன்றித் தலையைத் தூக்கினாள். நர்ஸ் அக்கா சொன்னபடி மீன்களை இன்று கழற்றிவிட்டேன்.

எது எடுபட்டது என்று கேட்டவர்களுக்கு: நான் போட்ட முட்டை வட்டத்தைத்தான் முதலில் பார்த்தாள், மனைவி போட்டவற்றை அல்ல. இதை வீட்டில் சொல்லிக்காட்டி ஒரு வேளை சாப்பாட்டை இழந்தேன். முடிச்சுப் பொம்மையின் முகத்தை அவள் கண்டுகொள்வதே இல்லை. ஒரு கை முடிச்சு மட்டும் எப்போதும் வாயில். தினம் துவைப்பதால் அந்தக் கை மற்றதைவிட வெளுத்துவிட்டது. வளையத்தை இரண்டு நிமிடம் பிடிக்கிறாள், பிறகு அது என் மூக்கில் விழுகிறது.

மீன்களை மூன்று மாதம் முழுதாகப் பார்த்தாள். காலை ஏழு மணிக்குச் சன்னலில் வெயில் வரும்போது அவற்றின் நிழல் சுவரில் ஓடும். மீனை விட்டுவிட்டு நிழல் போகிற பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்புவாள். கழற்றிய மீன்களின் படத்தை ஓலைக்காரி அக்கா பார்க்க இணைத்திருக்கிறேன். காய்ந்து நீங்கள் சொன்ன அந்தத் தந்த நிறம் வந்திருக்கிறது.


ஓலைக்காரி | நவம்பர் 29, காலை 7.30

நிறம் நன்றாக வந்திருக்கிறது தம்பி. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ஐந்து மீனும் பின்னல் தலைகீழாக ஓடுகிறது. முதுகுத் துடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வயிறு. நான் சொன்ன பின்னலில் இப்படி வரவே வராதே, எப்படிச் செய்தீர்கள்?


பேட்டைக்காரன் | நவம்பர் 29, காலை 7.50

நான் இடது கைக்காரன் அக்கா. நீங்கள் வலப்பக்கமாகச் சுற்றச் சொன்னதைப் பாதி வலமாகவும் பாதி என் கை போன பக்கமாகவும் சுற்றிவிட்டேன்.


ஓலைக்காரி | நவம்பர் 29, காலை 8.05

அதை ஏப்ரலிலேயே சொல்லியிருந்தால் ஒன்பது அப்பளம் மிஞ்சியிருக்கும். என் தங்கைக்கும் இடது கைதான். வலது கையின் இரண்டு விரல்மேல் ஓலையை வையுங்கள், இடப்பக்கமாகச் சுற்றுங்கள், குறுக்கு ஓலை முதலில் கீழே, பிறகு மேலே. பின்பக்கம் வரும்போது மேலே, கீழே. அடுத்த குருத்து எடுக்கும்போது சொல்கிறேன், இரண்டு அனுப்புகிறேன்.